தைத்துக் கட்டும் படகு

பெரிய கப்பல் கரைக்கு வரமுடியாத பழைய புதுச்சேரியில், ஆளையும் சரக்கையும் அலை தாண்டி ஏற்றிப்போனது சலங்கு. ஆணியில்லை; பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் வளைந்துகொடுக்கும்.

1963இல் பிரிட்டனில் வந்த ‘மிரர்’ படகும் தையல்தான். பிளைவுட்டைச் செம்புக்கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் கிளாஸ் பட்டையும் ரெசினும் ஒட்டினால் போதும். தச்சு தெரியாதவர்களே ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். 1980களில் குமரி முட்டத்திலும் மீனவர்களுக்கு இம்முறையில் பிளைவுட் படகுகள் உருவாயின.

இப்படிப் படகு கட்டுவதில் எனக்குப் பிடித்தது, எபாக்சி என்ற ரெசினைப் பூசும் கட்டம். வெள்ளைவெளேரென்ற கண்ணாடியிழைத் துணி எபாக்சியைக் குடித்ததும் மறைந்து, மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும். ஒருவர் கலக்க, இன்னொருவர் ஊற்ற, மற்றவர் தேய்க்க வேண்டும். நம் சித்திரை வெயிலில், கலந்த எபாக்சியைக் கிண்ணத்திலேயே விட்டால் தானாகச் சூடேறிப் புகைந்து இறுகிவிடும். அகலத் தட்டில் ஊற்றுங்கள், அரட்டை அப்புறம்.