புதைகுழியும் பரம்பரையலகும்

வரலாற்றுக்கு முற்பட்ட ஐரோப்பா பற்றி அண்மையில் வெளிவரும் ஆய்வுகளிலே இரு குரல்கள் கேட்கின்றன. ஒன்று இரத்தத்தைப் பற்றிப் பேசுகின்றது. மற்றது வீட்டைப் பற்றிப் பேசுகின்றது. புதைகுழி எலும்புகளிலிருந்து பெறப்படும் டி. என். ஏ. இரண்டிற்கும் மூலமாகும். முதற் குரலே பொதுமக்களின் செவியை எளிதில் எட்டுகின்றது. சமுதாய வரலாற்றுக்கு வேண்டியது இரண்டாவதே என்பது எமது துணிபு.

2015இல் வெளியான ஆய்வொன்று, ஜேர்மனியிற் கயிற்றுப்பதிவு மட்பாண்டங்களுடன் புதைக்கப்பட்டோரின் மூதாதையருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளி மேய்ப்பர் வழியினர் எனக் காட்டிற்று. இம்முடிவை மறுப்பதற்கில்லை. ஆயின், ஒருவகை மட்பாண்டத்தைக் கண்டவுடன் ஒருவகை மக்களைக் காணும் பழைய நோய் இதனோடு மீண்டும் தலைதூக்கியுள்ளது. 1931இல் மறைந்த குஸ்தாவ் கொசின்னா வளர்த்த நோய் அது. நாசிகள் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை உலகறியும். மார்க்சியரான கோடன் சைல்ட், 'பண்பாடு' என்னுங் கருத்தைக் கொசின்னாவிடம் பெற்றும், அதிலிருந்த இனவாத நஞ்சை அகற்றியே கையாண்டார். மார்ட்டின் ஃபுர்கோல்ற் 2018இல் எழுப்பிய கண்டனமும் இவ்வழிப்பட்டதே. பரம்பரையலகுக் கலப்பைக் கணிப்பது வேறு. ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பெயர் சூட்டி அதனைப் படையாக நடத்திச் செல்வது வேறு.

இனி வீட்டுக்குள் நுழைவோம். இங்கிலாந்தில் ஹேசில்ற்றன் நோத் என்னுமிடத்துக் கற்கல்லறை ஏறத்தாழ 5700 ஆண்டுப் பழமையுடையது. அங்கு ஆராயப்பட்ட 35 பேருள் 27 பேர் ஐந்து தலைமுறை கொண்ட ஒரே குடும்பத்தினர் என்பது 2021இல் தெரியவந்தது. ஓர் ஆணும் அவன் மக்களைப் பெற்ற நான்கு பெண்களுமே அக்குடும்பத்தின் வேர். தந்தைவழியே அங்கு ஓங்கி நின்றதெனினும், எந்தத் தாயின் வழியினர் எந்த அறையிற் கிடத்தப்படுவர் என்பதும் பேணப்பட்டது. அவ்வாண்வழியிற் பிறவாத, ஆனால் அக்குடும்பத்துக்கு மணமுடித்து வந்த பெண்களுக்குப் பிறந்த ஆண்மக்கள் சிலரும் அங்கே இடம்பெற்றனர். மகன் என்ற உரிமையை அம்மக்கள் இரத்தத்தினால் மட்டும் அளந்திலர். டி. என். ஏ. தானே இதனைச் சொல்கின்றது என்பது சுவையானது.

எனினும் எம்மை நெடிது நிறுத்துவது தென் ஜேர்மனியின் லெக் பள்ளத்தாக்காகும். 2019இல் வெளியான ஆய்வு அங்கு புதைக்கப்பட்ட 104 பேரை ஆராய்ந்தது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன், பண்ணைவீடு ஒவ்வொன்றுக்கும் அருகே சிறு இடுகாடு இருந்தது. நிலமும் செல்வமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. குடும்பத்துச் சிறார் குழிகளிலும் செல்வப் பொருள்கள் வைக்கப்பட்டமை, மதிப்பு உழைத்துப் பெறப்படாது பிறப்பாலே வந்ததைக் காட்டும். வளர்ந்த புதல்வியர் குடும்பக் கொடியிற் காணப்படவில்லை. அவர்கள் பிறவிடங்களுக்கு மணமுடித்துச் சென்றிருத்தல் வேண்டும். மனைவியரோ தொலைவிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பற்களிலுள்ள மூலகங்கள் உரைக்கின்றன. அயலிலிருந்து வந்து செல்வத்துடன் புதைக்கப்பட்ட வேறு சில மாதரின் மக்களோ அவ்விடுகாடுகளிற் கிடைத்திலர்.

இவர்கள் நடுவே, அதே வீட்டின் இடுகாட்டில், யாருக்கும் உறவாகாத சிலர் யாதொரு பொருளுமின்றிக் கிடக்கின்றனர். ஓரே முற்றத்திலே உடையாரும் இல்லாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆய்வாளர் கிரேக்க, உரோம வீடுகளின் அடிமைகளை இங்கு நினைவுகூர்கின்றனர். ஒப்புமை பொருத்தமாயினும் அவசரப்படலாகாது: வெறுங்குழி 'அடிமை' என எழுதி வைப்பதில்லை, கூலியாளா, பணியாளா, அடைக்கலம் புகுந்தோனா என்பதைப் பரம்பரையலகு சொல்லாது. எலும்பிற் பதிந்த உழைப்பின் தேய்வையும், உண்ட உணவின் தடத்தையும், வாழ்ந்த வீட்டின் தளத்தையும் சேர்த்து வைத்தே அதனைக் கேட்டல் வேண்டும். இப்பணிக்குச் செலவிடும் உழைப்பை, யார் எவ்வினத்தவர் என்னும் வினாவுக்கே ஈந்துவிடும் நூல்கள் இன்னும் பலவாக உள்ளன.