'இனமேம்பாட்டியல்' பொருந்துமா?

'யூஜெனிக்ஸ்' என்பதற்கு 'இனமேம்பாட்டியல்' என எழுதும் வழக்கம் தமிழில் உண்டு. சிங்கப்பூர் வகுப்பறைக்கு அது ஒவ்வாது என்பது எம் கருத்து.

மூலச்சொல்லை முதலில் நோக்குவோம். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் வெளியிட்ட நூலில் இதனைப் படைத்தார். கிரேக்கத்தில் 'யூ' என்பது நன்மை. பின்னுறுப்பு பிறப்பையும் குடிவழியையும் சுட்டுவது. ஆகவே 'நற்பிறப்பு' என்பதே நேர்ப்பொருள். 'யூஜீன்' என்று பிள்ளைக்கு இடும் பெயரும் இவ்வழி வந்ததே. மேம்பாடு என்னும் கருத்து சொல்லினுள் இல்லை. மொழிபெயர்த்தோர் சேர்த்தது அது.

சிங்கப்பூரில் 'இனம்' என்றால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்னும் பிரிவே நினைவுக்கு வரும். 'மேம்பாடு' என்பதோ நற்பணியின் பெயர். லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையிலுள்ள 'சிண்டா' 1991இல் தோன்றியது. அதன் தமிழ்ப்பெயர் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். அங்கே துணைப்பாடம் பயிலும் மாணவன் 'இனமேம்பாட்டியல்' என்பதைக் கண்டால் என்ன நினைப்பான்? தன் கணக்கு வகுப்பைத்தான் நினைப்பான்!

இது நகைத்து விடுதற்குரியதன்று. 1970இல் நடைமுறைக்கு வந்த கருத்தடைச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் 'யூஜெனிக்ஸ்' என்னும் பெயர் தாங்கிய வாரியமே இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேருரையில் பிரதமர் லீ குவான் இயூ, பட்டதாரிப் பெண்கள் போதிய பிள்ளைகளைப் பெறவில்லை என்று கவலை தெரிவித்தார். 1984இல், மூன்று பிள்ளைகளையேனும் பெற்ற பட்டதாரித் தாயின் மக்களுக்குத் தொடக்கப்பள்ளிப் பதிவில் முன்னுரிமை தரப்பட்டது. கல்வியும் வருமானமும் குறைந்த இளந்தாய்க்கோ, ஓரிரு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. மக்களிடையே அதிருப்தி எழவே, 1985இல் பள்ளி முன்னுரிமை கைவிடப்பட்டது. இங்கே அளவுகோலாய் நின்றது இனமன்று. தாயின் கல்விச் சான்றிதழ். இதனை 'இனமேம்பாடு' என்றால் மாணவன் எதனை விளங்கிக்கொள்வான்?

பழந்தமிழில் 'குடிமை' உண்டு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார்; எனினும் ஒழுக்கமுடைமையில், ஒழுக்கத்தையே குடிமை என்றார். கால்டனுக்கு அது உடன்பாடாகாது. மேலும், அச்சொல் இன்று குடிமக்கள் கடமைக்கு உரியதாகிவிட்டது.

'நற்பிறப்பியல்' எனலாம். 'நல்' என்னும் அடை அக்கொள்கையைப் புகழ்வதாகாதோ என்பர் சிலர். ஆகும், அப்புகழ்ச்சி கால்டனுடையது. அதனை மறையாது பெயர்த்தால்தான், எவர் பிறப்பு நற்பிறப்பு, அதனை உரைப்பவர் யார் என்று மாணவன் எழுந்து கேட்பான்.