துறை பல, கடப்போர் சிலர்: அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுகளை முன்வைத்து

சிதம்பரத்திலிருந்து புவனகிரி செல்லும் சாலையில் கீரப்பாளையம் என்னும் ஊர் உள்ளது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பது நீங்கலாக அதற்குத் தனிப்புகழ் எதுவும் இல்லை. சுற்றிலும் நெல்வயல்கள், காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி, சற்றே வடக்கில் வெள்ளாறு. எனினும் ஒரு பல்கலைக்கழகத்தின் பணியை மதிப்பிட விரும்புவோர் அதன் நூலக வாயிலில் நிற்பதைவிட இத்தகைய ஓர் ஊரில் நின்று நோக்குவது நலம். இவ்வூரார் உழும் மண்ணையும், உண்ணும் மீனையும், உறும் நோயையும், பேசும் மொழியையும் ஆராய்வதற்குரிய புலங்கள் அனைத்தும் சில கல் தொலைவுக்குள் ஒரே பெயரின் கீழ் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளன. தமிழகத்தில் இத்தகைய வாய்ப்புப் பெற்ற வட்டாரங்கள் மிகச் சிலவே.

வரலாறு யாவரும் அறிந்தது, சுருங்கச் சொல்லலாம். அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து 1929இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழும் வடமொழியும் இசையும் முதலிலேயே இடம்பெற்றன. 1945இல் பொறியியல் வந்தது. பின்னர் வேளாண்மை, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல், 1985இல் மருத்துவம் எனப் புலங்கள் பெருகின. ஆண்டு விழாக்களில் இப்பட்டியலை ஒப்பிப்பது ஒரு சடங்காகிவிட்டது. ஆனால் பட்டியல் எதையும் மெய்ப்பிப்பதில்லை. துறை என்னும் சொல்லுக்குக் கல்விப் பிரிவு என்பது பிற்காலப் பொருள். ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம் என்பதே பழம்பொருள். ஒரு துறையில் இறங்கியவர் அக்கரையில் ஏறினாரா என்று கேட்பதுதான் திறனாய்வாளன் வேலை.

ஏறியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் விபுலாநந்த அடிகள். இலங்கையின் கீழைக்கரையில் காரைதீவில் 1892இல் பிறந்தவர். கொழும்பில் அறிவியல் பயின்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியவர். 1931 முதல் 1933 வரை அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947இல் வெளியிட்ட அவருடைய 'யாழ்நூல்' வழக்கொழிந்த ஒரு கருவியை மீட்க முயல்கிறது. சிலப்பதிகாரச் செய்யுளையும் உரையையும் ஆதாரமாகக் கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் சுரத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையை அவர் காட்டுகிறார். தமிழாசிரியர் மட்டும் எழுதியிருக்கக்கூடிய நூலன்று அது. இயற்பியலாசிரியர் மட்டும் எழுதியிருக்கக்கூடியதும் அன்று. எண்களின் ஒழுங்கு சரியாக அமைவதனாலேயே பழைய யாழ் அவ்வாறுதான் ஒலித்தது என்று முடிவு செய்துவிட இயலாது என்பதே என் கருத்து. ஆயினும் மறுப்பவரும் கணக்கையும் செய்யுளையும் ஒருசேரக் கற்றுக்கொண்டுதான் மறுக்க வேண்டும் என்ற நிலையை அந்நூல் உண்டாக்கிவிட்டது. அதுவே அதன் பெருமை.

ஃபாராபியை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பத்தாம் நூற்றாண்டில் 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' இயற்றிய அந்த மெய்யியலாளர் ஊது எனும் நரம்புக்கருவியின் கட்டைகளை அளந்து சுர இடைவெளிகளை நிறுவியவர். இப்னு ருஷ்து காழியாக இருந்துகொண்டே 'குல்லிய்யாத்' என்னும் மருத்துவ நூலையும், மத்ஹபுகளின் கருத்து வேறுபாடுகளை ஆராயும் 'பிதாயதுல் முஜ்தஹிதை'யும் எழுதினார். நம் மேடைகளில் இப்பெயர்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. ஒலிப்பவரில் அந்நூல்களின் ஒரு பக்கத்தையேனும் மொழிபெயர்ப்பிலாவது படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் அவை அமைதியாகிவிடும். முன்னோர் பல்துறை வல்லுநராக விளங்கினர் என்பதைக் காட்டித் தம் பிள்ளைகளை மருத்துவம், பொறியியல் என்ற இரண்டே வாயில்களில் நிறுத்தும் சமுதாயத்தை அம்முன்னோர் அடையாளம் கண்டுகொள்வார்களா என்பது ஐயமே.

இனி அறிவியலுக்கு வருவோம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த கடல் உயிரியல் நிலையம் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் வளர்ந்து, 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டது. அதன் தெற்கே பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, பல்லாண்டுகளாக அக்காட்டை ஆராய்ந்து வந்த கதிரேசன் தம் உடனாய்வாளர் ராஜேந்திரனோடு 18 குப்பங்களில் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணக்கிட்டார். (அண்ணாமலையில் கதிரேசன் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை: தமிழில் பண்டிதமணி ஒருவர், அலையாத்தியில் ஒருவர், வயற்களை ஆய்வில் மற்றொருவர்.) கடலிலிருந்து குப்பம் இருக்கும் தொலைவு, நிலத்தின் உயரம், இடைப்பட்ட மரச்செறிவின் பரப்பு ஆகிய மூன்றும் கூடக்கூட இழப்பு குறைந்தது என்று 2005இல் அவர்கள் எழுதினர். அதே ஆண்டில் டேனியல்சனும் பன்னாட்டு அறிஞர் பலரும் கடலூர் மாவட்டக் கரையையே ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் ஒத்த கருத்தை வெளியிட்டனர். காடு காத்தது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று.

2006இல் மறுப்பு வந்தது. கெர், பெயர்டு, கேம்பல் ஆகிய மூவர் கதிரேசனின் எண்களையே எடுத்து மீண்டும் கணக்கிட்டனர். கடலுக்கு அண்மையில் மரம் வளர இடமேது? தொலைவு கூடினால் மரப்பரப்பும் கூடத்தானே செய்யும்? ஆகவே தொலைவையும் உயரத்தையும் முதலில் கணக்கில் கொண்டுவிட்டால், மரங்களுக்கெனத் தனியே மிஞ்சும் பங்கு மிக அற்பம் என்றனர் அவர்கள். அதற்கு வெர்மாட், தம்பன்யா என்ற இருவர் வேறொரு புள்ளியியல் முறையால் விடையளித்து முதற்கருத்துக்கு வலுச் சேர்த்தனர். இவை யாவும் ஒரே ஆய்விதழில் நிகழ்ந்தன.

இவ்விவாதத்தை நம் ஊர்ப் பெருமைக்கு நேர்ந்த இழுக்காகக் கருதியவர்கள் உண்டு. எனக்கு அது அந்நிலையத்தின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. தம் தரவைப் பிறர் எடுத்துச் சோதிக்கும் வகையில் வெளியிட்டவர்கள் அறிவுக்கு நேர்மை செய்தவர்கள். இப்னுல் ஹைதம் 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்று தாலமியின்மீது தாம் கொண்ட ஐயங்களுக்கெனவே ஒரு நூல் எழுதினார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் குறைநிறைகளைப் பெயர் சொல்லி ஆராயும் ஜர்ஹு-தஃதீல் என்னும் பிரிவை யாரும் அவமதிப்பாகக் கொண்டதில்லை. ஐயம் எழுப்பப்படாத ஆய்வேட்டைவிட ஐயம் எழுப்பப்பட்ட ஆய்வேடு மேலானது.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அவ்விவாதம் வெறும் எண் விளையாட்டன்று. மரமே காக்கும் என்றால் கரையில் நடவு நிகழும்; தொலைவே காக்கும் என்றால் மீனவர் கரையைவிட்டு அகற்றப்படுவர். பேரலைக்குப் பின் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதுவீடு என்ற அரசுத் திட்டம் வந்தபோது, வலையையும் கட்டுமரத்தையும் கண்பார்வையில் வைத்துப் பிழைப்போர்க்கு அது எத்தகைய நெருக்கடி என்பதை நாடறியும். குப்பத்தின் வழக்காறு, நில உரிமை, பெண்களின் மீன் வணிகம் ஆகியவற்றை ஆராயும் சமூகவியலாரும் பொருளியலாரும் அவ்விடத்தில் தேவைப்பட்டனர். நான் சுட்டிய கட்டுரைகளிலோ குப்பத்து மக்கள் எண்களாகவே வருகின்றனர். உயிரியலும் புள்ளியியலும் கைகோத்தன. கலைப்புலம் கரையிலேயே நின்றுவிட்டது.

புலங்கள் கலந்த பிற முயற்சிகளும் உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னையின் சாற்றை ஜப்பானிய ஆய்வாளரோடு இணைந்து எச்.ஐ.வி. நச்சுயிரிக்கு எதிராகச் சோதித்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. அது சோதனைக்குழாய் அளவிலான முடிவு. நாளேடுகள் அத்தகைய செய்தியை மருந்தாக்கிவிடுவது வேறு கதை. வேளாண்புலத்தார் வீராணம் பாசன வட்டாரத்தில் ஒரே வயலில் நெல்லும் மீனும் கோழியும் சேர்த்து வளர்த்துக் காட்டினர். வயலின்மேல் கூண்டு, கூண்டிலிருந்து விழும் எச்சம் மண்ணுக்கும் மீனுக்கும் உணவு, மீன் களைகளை மேய்ந்து தீர்க்கிறது. களைக்கொல்லிச் செலவு குறைகிறது. கீரப்பாளையத்து உழவர் படித்தறியத்தக்க ஆய்வு இது. ஆனால் அது ஆங்கிலத்தில் பயிர்ப்பாதுகாப்பு இதழ்களில் இருக்கிறது. தமிழ்த்துறை இருக்கும் அதே வளாகத்தில் அதனை நல்ல தமிழில் ஆக்கித் தருவது எவருடைய கடமை என்று வரையறுக்கப்படவில்லை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை கதை வேறு. நிதி நெருக்கடியை அடுத்து 2013இல் அரசு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பின்னும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பிற அரசுக் கல்லூரிகளைவிடப் பன்மடங்கு கட்டணம் நீடித்ததால் மாணவர்கள் நெடுநாள் போராடினர். 2021இல் அக்கல்லூரி சுகாதாரத் துறையின்கீழ் மாற்றப்பட்டுக் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கட்டணம் குறைந்தது நன்மையே. ஏழை மாணவர்க்கு நீதியே. ஆயினும் மருத்துவமும் கடல் உயிரியலும் வேளாண்மையும் ஒரே குடைக்கீழ் இருந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவை எந்த அளவு கூடி உழைத்தன என்ற கேள்விக்கு விடை தேடாமலேயே குடை மடக்கப்பட்டது.

இறுதியாக நம் சொந்த வயல். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் இன்று பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட ஆய்வுப் பொருள். 1973இல் திருச்சியில் கூடிய முதல் உலக மாநாட்டுக்குப் பின் ஆய்வேடுகள் பெருகின. உவைஸ், அஜ்மல்கான் ஆகியோரின் பெருந்தொகுதிகள் அடித்தளமிட்டன. ஆனால் அந்த அடித்தளத்தின்மீது எழுந்தவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. சீறாவில் உவமை, சீறாவில் இயற்கை, சீறாவில் தமிழ் மரபு. அரபு நாட்டைத் தமிழ் மருதமாக உமறுப்புலவர் பாடினார் என்பதை ஒவ்வோர் ஆய்வாளரும் புதிதாகக் கண்டுபிடித்து வியக்கிறார். 5,027 பாக்கள் கொண்ட அக்காப்பியத்தின் பின்னே நின்ற அரபு சீறா நூல் எது, எந்த அறிவிப்பை அவர் ஏற்றார், எதை விடுத்தார், ஏன் என்னும் கேள்விக்கு அரபும் தமிழும் ஒருங்கே வேண்டும். மதரஸாவில் அரபு இருக்கிறது. தமிழ்த்துறையில் யாப்பு இருக்கிறது. இடையே பாலம் இல்லை.

பாலம் கட்டினால் என்ன விளையும் என்பதற்குச் சான்று வெளிநாட்டிலிருந்து வந்தது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிர மசலா'வை அதன் மலாய், யாவா வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011இல் நூல் எழுதினார். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தை அரபு மொழி இணைத்த ஓர் அகன்ற நிலப்பரப்பின் உறுப்பாகக் காட்டியது அந்நூல். நமக்கு நெடுநாள் கையருகே இருந்த பிரதி அது.

கையருகே இன்னும் இருக்கிறது வேலை. சீறாப்புராணம் முற்றுப்பெற உதவிய வள்ளல் அபுல்காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டையார் என்பது மரபு. காப்பியமே பல இடங்களில் அவரைப் போற்றுகிறது. மஹ்மூது பந்தர் என்று பெயர்பெற்ற அத்துறைமுகத்தின் சோழமண்டல வணிகத்தை அரசரத்தினம் டச்சு, ஆங்கிலக் கும்பினி ஆவணங்களிலிருந்து 1986இல் வெளிவந்த தம் நூலில் விரித்தெழுதினார். அவ்வூர் மாலுமிகளும் மீனவரும் வழங்கிய காற்றின் பெயர்கள், நீரோட்டப் பெயர்கள், மீன் பெயர்கள், கலத்தின் உறுப்புப் பெயர்கள் ஆகியவற்றுள் தமிழ் எவை, அரபு எவை, பாரசீகம் எவை, மலாய் எவை என்று வகைப்படுத்தும் அகராதி ஒன்று வேண்டும். மீனை இனங்காண உயிரியலார் வேண்டும்; சொல்லைப் பிரிக்க மொழியியலார் வேண்டும்; அரபு மூலத்தைச் சரிபார்க்க ஆலிம் ஒருவர் வேண்டும். முதலாமவரின் நிலையமும் மூன்றாமவரின் மதரஸாவும் பரங்கிப்பேட்டையிலேயே உள்ளன. இரண்டாமவர் சிதம்பரத்திலிருந்து பேருந்து ஏற வேண்டும்.