தரைக்குக் கீழே ஒரு தரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு ஸ்ரீரங்கம். அங்கே கான்கிரீட்டின் மேல் தேக்குத் தரை போடும் ஆசாரிக்கு முதல் எதிரி ஈரம். பாலிதீன் துண்டொன்றை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பார்ப்பார். மறுநாள் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் வேலையை நிறுத்துவதே உத்தமம். அந்த ஈரத்தைக் குடித்துப் பலகை வளையும். புதுக் கான்கிரீட் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழில் கணக்கு. 4 அங்குலத் தளமென்றால் 4 மாதம்!

பிறகு மட்டப்பலகை வைத்து மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்பி, ஈரத்தடுப்புத் தாள், அதன்மேல் பிளைவுட். சுவரோரம் அரை அங்குல இடைவெளி: ஐப்பசி மழையில் மரம் விரிய இடம் வேண்டுமே. எனக்குப் பளபளப்பைவிட இந்தப் பொறுமைதான் அழகு. வீடு கட்டுகிறவர்களே, கிரகப்பிரவேச நாளைச் சொல்லி ஆசாரியை அவசரப்படுத்தாதீர்கள்.