கம்பன் காட்டும் ஈரவைகள்

தலைமை பூண்டார்க்கு இன்றியமையாத திறன் யாது என வினவின், சொல்வன்மை என்பதே பலரும் இறுக்கும் விடையாகும். அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் பாடசாலையிலும் பிறரை ஏவி வினை கொள்வோர் நன்கு பேசக் கற்றல் வேண்டும் என்பது இன்று பெருவழக்காயுள்ள அறிவுரை. ஆயின், நன்கு பேசுந் தலைவன் ஒருவன் தன் அவையோடும் நாட்டோடும் அழிந்தமையைக் கம்பன் யுத்த காண்டத்திற் காட்டியுள்ளான். அக்காண்டத்தில் வரும் இராவணன் மந்திரப் படலத்தையும் வீடணன் அடைக்கலப் படலத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு, தலைமையின் உயிர்நிலை சொல்லுதலினும் கேட்டலிலேயே தங்கியுள்ளது என்பது தெற்றெனப் புலனாகும்.

இராவணன் கூட்டிய அவை முதலில் நோக்கற்பாலது. அனுமன் இட்ட தீயால் இலங்கை எரிந்தபின் கூடிய அவை அது. முனிவரும் தேவரும் விலக்கப்படுகின்றனர். மகளிரும் இளைஞரும் அகற்றப்படுகின்றனர். கேள்வி நிரம்பியோராயினும் நண்பராயினும் சுற்றத்தார் அல்லாதார் வெளியேற வேண்டியவராகின்றனர். வண்டும் காற்றும் கூட உட்புகாவண்ணம் காவல் இடப்படுகின்றது. மறை வெளிப்படாமற் காத்தல் அரசர்க்கு உரியதே. எனினும், வேறோர் எண்ணம் உட்புகும் வாயிலையும் அக்காவல் அடைத்துவிடுகின்றது.

அதன்பின் இராவணன் பேசுகின்றான். ஒரு குரங்கு நகரைச் சுட்டது, சுற்றமும் நட்பும் மாண்டன, பழி எங்கும் பரந்தது, தானோ அரியணையில் வாளா இருக்கின்றான் என்கின்றான். சொல்லாற்றலில் இவ்வுரைக்கு ஒரு குறையும் இல்லை; குறை அதன் நோக்கத்தில் உள்ளது. நேர்ந்தது எதனால், இனிச் செய்யத்தக்கது யாது என்ற வினா அவைமுன் வைக்கப்படவில்லை. மானம் அழிந்தது என்ற சினமே வைக்கப்பட்டது. தலைவன் சினத்தை முன்வைக்க, அவையோர் வீரத்தை விடையாக்குகின்றனர். படைத்தலைவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, பகைவரை அழிக்கத் தாமே போதும் எனப் பெரும்பாலும் தற்புகழ்ச்சியே பேசுகின்றனர். வினா எவ்வாறு, விடையும் அவ்வாறு.

கும்பகருணன் மட்டும் முதலில் உண்மையை உரைக்கின்றான். பிறன்மனை கவர்ந்துவிட்டு மானம் பேசுதல் தகுமோ என இடித்துரைக்கின்றான். ஆயினும், இந்நிலையில் அவளை விடுதலும் இழிவே, பகைவர் வருமுன் நாமே சென்று பொருதல் நன்று என்று தன் உரையை முடிக்கின்றான். இராவணன் முற்பகுதியை விடுத்து முடிவை மட்டும் பற்றிக்கொண்டு தம்பியைப் புகழ்கின்றான். மெய்யைச் சொல்லத் துணிந்தவன், அதனைத் தானே மறைத்துக்கொள்ளும் போர்வையையும் உடன் அளித்துவிட்டான்.

வீடணன் உரையிலும் ஒரு குறை உண்டு. அவன் அறத்தில் வழுவியவன் அல்லன். அன்பிலும் குறைந்தவன் அல்லன். ஆயினும் இரணியன் கதையை அண்ணன் முகத்தெதிரே விரித்துரைக்கின்றான். வான்மீகத்தில் இல்லாத இக்கதையைக் கம்பன் ஈண்டு அமைத்தமை கருதத்தக்கது. கேட்டவன் படிப்பினையை விடுத்து ஒப்புமையைக் கைக்கொள்கின்றான். தந்தையின் மார்பு பிளக்கப்பட மகிழ்ந்த மைந்தனுக்கு நீயே நிகர் எனத் தம்பியைச் சாடித் துரத்துகின்றான். உண்மையுரையும் கேட்போன் உளநிலை அறிந்து கூறப்படாதவழிப் பயன் இழக்கும். எனினும், பெரும்பிழை கேளாச் செவியினதே என்பதில் ஐயமில்லை.

இனி, கடற்கரையிற் கூடிய இராமன் அவையைக் காண்க. வீடணன் ஏற்கத்தக்கவனோ, விலக்கத்தக்கவனோ என இருபுறமும் திறந்த வினாவையே இராமன் விடுக்கின்றான். தன் கருத்தை முன்கூட்டி வெளியிடவில்லை. சுக்கிரீவன் முதலியோர் விலக்குக என்கின்றனர். அவையின் கருத்து ஒருமித்தபின்பும் ஆய்வு முடிந்தது என இராமன் கொள்ளவில்லை. அதுகாறும் வாய்திறவாத அனுமனை நோக்கி, நின் கருத்து யாது என்கின்றான்.

அனுமன் விடையிறுக்கும் முறை வினைக்களத்தில் உள்ளார் அனைவரும் பயிலத்தக்கது. முன்னர்ப் பேசினோர் துணிவை அவன் பழிக்கவில்லை. நன்றெனப் போற்றிய பின்னரே, தான் உரைப்பதும் ஒன்று உண்டு எனத் தொடங்குகின்றான். தொடர்ந்து அவன் அடுக்குவன தான் இலங்கையில் அறிந்த செய்திகள்: தூதனைக் கொல்லலாகாது என வீடணன் தடுத்தமை, அவன் மனை கள்ளும் ஊனும் இன்றித் தூயதாய் விளங்கியமை, அவன் மகள் சீதைக்கு ஆறுதல் கூறியமை. கருத்தொடு கருத்தை மோதவிடாது சான்றினைக் காட்டித் தெளிவித்தமையே அவன் சொல்வன்மை.

ஈண்டு ஒரு தடை நிகழலாம். வெல்லினும் தோற்பினும் அடைந்தாரைக் கைவிடேன் என்று இராமன் பின்னர் உரைத்தலின், அவன் முன்னரே துணிந்திருந்தான், அவையைக் கேட்டது வெறுஞ்சடங்கே என்பர் சிலர். சடங்காயின், முடிவோடு அவை கலைந்திருக்கும். இராமனோ அவ்வாறு செய்யவில்லை. சிபி முதலியோர் செயல்களைக் காட்டித் தன் முடிவிற்குக் காரணம் கூறுகின்றான். மறுத்துரைத்தோர் தன்மீது வைத்த அன்பினாலேயே அங்ஙனம் உரைத்தனர் என அவர் உள்ளத்தைப் போற்றுகின்றான். அதனினும் சிறந்தது அடுத்த செயல். வீடணனை அழைத்துவர, அவனை விலக்குக என்ற சுக்கிரீவனையே அனுப்புகின்றான். தோற்ற கருத்தினனுக்குத் தோல்வி தோன்றாதவாறு வினையிற் பங்களித்தல் தலைமைத்திறத்தின் கொடுமுடியாகும்.

செவி கைக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தன் குடைக்கீழ் உலகு தங்கும் என்பது இறைமாட்சியில் வள்ளுவர் கருத்து. அவர் சொல்வன்மைக்கு வகுத்த அதிகாரம் அமைச்சியலில் இடம்பெற, கசந்த சொல்லைப் பொறுக்கும் பண்பு அரசியலில் இடம்பெற்றமை ஊன்றி உணரற்பாலது. பணியிடங்களில் இன்று நிகழும் கூட்டங்கள் பலவற்றில் தலைவர் முதலிற் பேசுகின்றார், ஏனையோர் தலையசைக்கின்றனர், உண்மை அறிந்தவர் வாயிலுக்கு வெளியே நிற்கின்றார். அத்தகைய தலைவர்க்குப் பேச்சுப் பயிற்சி மிகையே. இராவணன் அவையில் ஒலித்த முழக்கத்திற்குக் குறைவில்லை. நீ யாது கருதுகின்றாய் என்னும் வினா ஒன்றே ஆங்குக் குறைந்தது. அக்குறைக்கு இலங்கை தந்த விலை யாவரும் அறிந்ததே.