கர்ணத்துக்கு ஒரு செயற்கூறு

மாட்லாப், ஆக்டேவ் ஆகிய கணிப்பு மென்பொருள்களில் ‘ஹைபாட்’ என்று ஓர் உள்ளிணைந்த செயற்கூறு உண்டு. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைக் கொடுத்தால் கர்ணத்தைத் தரும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் முடிந்தது, இதற்குத் தனியாக ஒன்று எதற்கு என்று தோன்றும். பக்கங்கள் 3, 4 என்றால் எந்த வழியில் போனாலும் 5தான். அவற்றின் பின்னால் 200 பூஜ்யங்களைச் சேர்த்துப் பாருங்கள். இந்த மென்பொருள்கள் வழக்கமாகக் கையாளும் இரட்டைத் துல்லிய எண்ணின் உச்சம் 309 இலக்கங்களோடு நின்றுவிடுகிறது. வர்க்கமோ 400 இலக்கங்களைத் தாண்டுவதால் திரையில் முடிவிலி வந்து நிற்கும். இத்தனைக்கும் சரியான விடை, 5-க்குப் பின் 200 பூஜ்யங்கள், கணினிக்குள் தாராளமாக அடங்கக்கூடியது. சூத்திரத்தில் பிழையில்லை, கணக்குப் போகும் வழிதான் தாங்கவில்லை. இதே வேலைக்கு லாபேக் நூலகத்தில் உள்ள ‘டிலாபி2’ என்ற சிறு நிரலைப் படிப்பது தனி இன்பம். பெரிய எண்ணைத் தனியே எடுத்துவைத்து, சிறியதைப் பெரியதால் வகுத்து, அந்த விகிதத்தை மட்டும் வர்க்கப்படுத்துகிறது. விகிதம் 1-ஐத் தாண்டாது என்பதால் வர்க்கம் எகிறுவதற்கு இடமே இல்லை. சிறியது பூஜ்யமானால் வகுக்காமலே பெரியதை விடையாகத் தந்துவிடுகிறது. இந்தச் சோதனை இல்லாவிட்டால், இரண்டும் பூஜ்யமாக இருக்கும்போது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேருமே! அந்த ஒரு வரியில் எவ்வளவு முன்யோசனை! ‘லாக்1பி’ என்ற செயற்கூறும் இதே குலம்தான். 1-உடன் மிகச் சிறிய எண்ணைக் கூட்டி மடக்கை எடுத்தால், கூட்டும்போதே சிறியது கரைந்து விடை பூஜ்யமாகிவிடும். லாக்1பி அதைக் கரையவிடுவதில்லை. 1979-இல் வந்த எச்பி-41சி கால்குலேட்டரிலேயே இதற்கு ஒரு கட்டளை இருந்தது.

ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்தாண்டால் மாணவருக்குக் கணக்கு வராது என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. முதலில் கையால் எழுதிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கையால் எழுதிய சூத்திரம் பிதாகரஸ் தேற்றத்தைக் கற்பிக்குமே தவிர, கணினி எண்களின் சுபாவத்தைக் கற்பிக்காது. அதை இந்தச் செயற்கூறுகள்தான் கற்பிக்கின்றன. உள்ளே நடப்பது தெரியாமல் எப்படி நம்புவது என்பார்கள். லாபேக்கின் மூலநிரல் யாரும் படிக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. வேகம் குறையும் என்ற புகார் உண்மை. எண்கள் அளவோடுதான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் நேர்ச்சூத்திரமே போதும். அந்த உறுதி இல்லாத இடத்தில் ஹைபாட்டையே எழுதுங்கள். எழுதுமுன் டிலாபி2-இன் மூலநிரலை ஒருமுறை படித்துவிடுங்கள். விளக்கக் குறிப்புகளை விட்டால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.