எட்டுக் கால் அதிசயம்

555 டைமருக்கு ஈடாக இன்னொரு ஐ.சி. கிடையாது. எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயார்! ஆர்டுயினோ எனக்கும் பிடிக்கும். ஆனால் புரோகிராமை ஏற்றியபின் அதற்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. 555 எதையும் மறைக்காது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும், அது யோசிப்பதையே பார்த்துவிடலாம்.

விலை ஒரு டீக்கு ஆகும் காசு. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே ஒரு பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ஒயர், ஒரு எல்.இ.டி. வாங்கிக்கொள்ளுங்கள். பிரெட்போர்டில் சால்டரிங்கே வேண்டாம், செருகினால் வேலை முடிந்தது.

முதலாம் கால் நெகட்டிவுக்கு. நாலும் எட்டும் பாசிட்டிவுக்கு. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே இன்னொரு 10 கிலோ ஓம். இரண்டும் ஆறும் சேர்ந்த இடத்திலிருந்து நெகட்டிவுக்கு 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். மூன்றாம் காலிலிருந்து 470 ஓம், எல்.இ.டி. வழியாக நெகட்டிவுக்கு. அவ்வளவுதான் சர்க்யூட்!

இப்போது மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் மேல் வையுங்கள். எல்.இ.டி. எரிகிறது, வோல்டேஜ் மெல்ல ஏறுகிறது. நாலு, ஐந்து, ஐந்தரை... ஆறைத் தொட்டதும் எல்.இ.டி. அணைகிறது, எண் இறங்கத் தொடங்குகிறது. மூன்று வந்ததும் மறுபடி எரிகிறது, மறுபடி ஏற்றம். ஏற ஏறக்குறைய 14 நொடி, இறங்க 7 நொடி. ஏறும்போது மின்சாரம் இரண்டு ரெசிஸ்டரையும் கடந்து வர வேண்டும். இறங்கும்போது ஒன்றை மட்டும் கடந்து ஏழாம் கால் வழியே ஓடிவிடுகிறது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போகிற அந்த நிமிடத்துக்காகவே இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அது என்ன மூன்று, ஆறு? ஐ.சி.க்குள் ஒரே அளவான மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக நின்று பேட்டரி வோல்டேஜை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. ஒரு பங்கு கீழ் எல்லை, இரண்டு பங்கு மேல் எல்லை. இதன் அழகு பேட்டரி இறங்கும்போதுதான் தெரியும். 9 வோல்ட் 8 ஆனால் எல்லைகளும் அதே விகிதத்தில் இறங்கும், கெப்பாசிட்டர் நிரம்பும் வேகமும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே நேரம் அநேகமாக மாறுவதே இல்லை! 5 வோல்ட் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள், அதே தாளம். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் 555-ஐ வடிவமைத்த ஹான்ஸ் காமன்சிண்ட் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் முதலில் போட்ட வடிவத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. கெப்பாசிட்டரை நிரப்ப நிலையான கரண்ட் தரும் தனிச் சர்க்யூட் எதற்கு, சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று பிறகு அவருக்குத் தோன்றியது. எட்டுக் காலில் அடங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மூளை!

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அடுத்து இதைச் செய்யுங்கள். கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபேரடாக்குங்கள். ஆறாம் காலுக்குப் போகும் ரெசிஸ்டருக்குப் பதில், வெளிச்சம் பட்டால் தடை குறையும் ஒரு எல்.டி.ஆர்., எல்.இ.டி. இருந்த இடத்தில் ஒரு சின்ன பீசோ தகடு. வெளிச்சம் பட்டால் கீச்சென்று கத்தும். கையால் நிழல் காட்டினால் குரல் தாழ்ந்து உறுமும். தொடாமலே வாசிக்கும் வாத்தியம்! ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

என் மேஜையில் இப்போது 556 காத்திருக்கிறது. இரண்டு 555, ஒரே உடம்பு, பதினாலு கால். மெதுவாகத் துடிக்கும் ஒன்றின் அவுட்புட்டை மற்றதன் கண்ட்ரோல் காலுக்குக் கொடுத்தால் சைரன் ரெடி. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கே கேட்கப்போகிறது!